ஸ்டியரிங் இறுகிவிட்டது, சாவி திரும்பவில்லை: என்ன நடக்கிறது, என்ன செய்ய வேண்டும்?

காரில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டால் திரும்ப மறுக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்து அசைத்தால் அதுவும் ஒரு விரற்கடைக்கு மேல் நகரவில்லை. புதிதாக ஓட்டக் கற்றவர்கள் இந்த இடத்தில் பயந்துபோய், வண்டியில் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அவசரத்தில் சாவியை இன்னும் பலமாகத் திருகுகிறார்கள். நிஜமான பழுது பெரும்பாலும் அந்தத் திருகலில்தான் ஆரம்பிக்கிறது. அதுவரை வண்டியில் எதுவும் கெட்டிருக்காது. திருடன் ஓட்டிக்கொண்டு போகாமல் இருக்க வைத்த பூட்டு தன் வேலையைச் செய்திருக்கும், அவ்வளவுதான்.

முதலில் தீர்வைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் கார்களில் சாவித் துளை பெரும்பாலும் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் இருக்கும். அதனால் வலது கை சாவியில், இடது கை ஸ்டியரிங்கில். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் கொஞ்சமும் அசையாது, மறுபக்கம் சிறிது இடம் கொடுக்கும். இடம் கொடுக்கும் பக்கமாக ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே, அதே நேரத்தில் சாவியை மெல்லத் திருப்புங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். முதலில் ஸ்டியரிங், அப்புறம் சாவி என்று தனித்தனியாகச் செய்தால் பலன் இருக்காது. உடனே திரும்பவில்லை என்றால், அந்தச் சிறிய இடைவெளிக்குள் ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு நிலையில் "டக்" என்று விடுபடும். அந்த நிமிடமே ஸ்டியரிங்கும் இளகிவிடும்.

இது ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் பிறகு எப்போதும் பதற்றம் வராது.

ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து கீழே ஒரு தண்டு போகிறது. அந்தத் தண்டில் ஓரிடத்தில் பள்ளங்கள் வெட்டியிருக்கும். சாவித் துளைக்குள் இருக்கும் உருளையோடு சேர்ந்து ஒரு தடித்த எஃகு முளை இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். திருப்பிய சாவி உள்ளே இருக்கும்வரை முளை பின்னால் இழுத்து வைக்கப்பட்டிருக்கும். இன்ஜினை நிறுத்திச் சாவியை உருவியதும் ஸ்பிரிங் முளையை முன்னே தள்ளும். அந்த நேரத்தில் பள்ளம் நேர் எதிரே இல்லாவிட்டால் முளை தண்டின் மேல் உரசியபடி காத்திருக்கும். அதன் பிறகு யாராவது ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால், பள்ளம் எதிரே வந்ததும் முளை உள்ளே விழுந்துவிடும். ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது என்று நாம் சொல்வது இதைத்தான்.

முளை பள்ளத்தில் இருப்பதால் மட்டும் சாவி திரும்பாமல் போவதில்லை. சாவியைத் திருப்பும்போது முளை வெளியே வர வேண்டும். பள்ளத்தின் சுவர் ஒரு பக்கமாக முளையை நெருக்கிக்கொண்டிருந்தால் அது வர முடியாது. கதவு தாழ்ப்பாளைப் பாருங்கள். கதவு இழுபட்டு தாழ்ப்பாளின் மேல் அழுத்தி நின்றால் தாழ்ப்பாள் நகராது. கதவைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடித்தால் சுலபமாக வந்துவிடும். ஸ்டியரிங்கை இழுத்துப் பிடிக்கிற வேலையும் அதுவேதான். முளையின் மேல் இருக்கும் நெருக்கலை நீக்குகிறோம், சாவி தானாகத் திரும்புகிறது. எந்த இடத்திலும் பலம் தேவைப்படவில்லை.

அந்த நெருக்கல் எங்கிருந்து வருகிறது? முக்கியமாக டயரிலிருந்து. நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியை நிறுத்தினால், தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் டயர் ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. இன்ஜின் நின்றதும் அது பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த விசை தண்டின் வழியாக ஏறி முளையை அழுத்துகிறது. நடைபாதை ஓரக் கல்லில் டயர் முட்டி நின்றாலும் இதே கதைதான். வண்டியிலிருந்து இறங்கும்போது ஸ்டியரிங்கைப் பிடித்து ஊன்றி எழுந்திருக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதுவும் ஸ்டியரிங்கைத் திருப்பி முளையைப் பள்ளத்தில் விழவைத்துவிடும். நிறுத்தி வைத்த காரில் பிள்ளைகள் ஸ்டியரிங்கைப் பிடித்து விளையாடினால் சொல்லவே வேண்டாம்.

சமதளத்தில் நிறுத்தும்போது, இன்ஜினை அணைப்பதற்கு முன் ஸ்டியரிங்கை நேராக்கிவிட்டால் மறுநாள் காலையில் இந்தத் தொல்லை குறையும். ஆனால் சரிவில் நிறுத்தும்போது இதைக் கடைப்பிடிக்காதீர்கள். வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றால் முன் சக்கரத்தை ஓரக் கல்லை நோக்கியும், ஏற்றத்தைப் பார்த்து நின்றால் கல்லுக்கு எதிர்ப்பக்கமாகவும் திருப்பி வைப்பதுதான் சரி. ஹேண்ட் பிரேக் கைவிட்டாலும் வண்டி சாலையில் உருண்டு போகாமல் கல்லில் முட்டி நிற்கும். அதற்கு விலையாக மறுநாள் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் பரவாயில்லை.

பைக், ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு இது ஏற்கெனவே கைவந்த பழக்கம். சைடு லாக் எடுக்கும்போது ஹேண்டிலை லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புவோம். காரிலும் தத்துவம் ஒன்றே.

இனி, பூட்டு இல்லாத மற்ற காரணங்கள். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். சாவி திரும்புகிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியை வைத்தே பாதி விஷயத்தைப் பிரித்துவிடலாம்.

சாவி நன்றாகத் திரும்புகிறது, ஆனால் செல்ஃப் எடுக்கவில்லை, "டிக் டிக்" என்று மட்டும் சத்தம் வருகிறது, டேஷ்போர்டு விளக்குகள் மங்குகின்றன என்றால் அது பேட்டரி. ஸ்டியரிங் பூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் பிடித்த உடனே அணைந்துவிடுகிறது, சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட விளக்கு மின்னுகிறது என்றால் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அதைப் படித்து, சரியான சாவிதான் என்று இன்ஜின் கணினிக்குச் சொன்னால்தான் இன்ஜின் ஓடும். இந்தச் சிப்புக்குத் தனி பேட்டரி தேவையில்லை. தெருமுனையில் வெட்டிய சாதாரண டூப்ளிகேட் சாவி கதவைத் திறக்கும், இக்னிஷனில் திரும்பவும் செய்யும், ஆனால் வண்டியை ஓட வைக்காது. காரணம் உள்ளே சிப் இல்லாததுதான்.

இன்னொரு குழப்பம், கனமான ஸ்டியரிங்கைப் பூட்டிய ஸ்டியரிங் என்று நினைப்பது. சாவி ஆனில் இருக்கிறது, இன்ஜின் ஓடவில்லை என்றால் பவர் ஸ்டியரிங் உதவி இருக்காது. அப்போது ஸ்டியரிங் இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பினால் திரும்பும். பூட்டிய ஸ்டியரிங் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சட்டென்று தட்டி நின்றுவிடும். ஒருமுறை கையால் உணர்ந்துவிட்டால் பிறகு இந்த வித்தியாசம் மறக்காது.

சாவியே திரும்பவில்லை, ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தும் பலனில்லை என்றால்? சாவி முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் திரும்பாது. உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்தால்தான் உருளை சுழலும். பல வருடம் பயன்படுத்திய சாவியில் அந்த வெட்டுகள் தேய்ந்துவிடும். உள்ளே தூசி சேர்ந்து தகடுகளும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வீட்டில் இருக்கும் ஸ்பேர் சாவியைக் கொண்டுவரச் சொல்லிப் போட்டுப் பாருங்கள். அது சுலபமாகத் திரும்பினால் குறை பழைய சாவியில்தான். தேய்ந்த சாவியை மாதிரியாகக் கொடுத்து டூப்ளிகேட் வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வரும். ஸ்பேர் சாவியைக் கொடுங்கள், அல்லது கார் வாங்கும்போது சாவியோடு எண் பொறித்த சிறு தகடு வந்திருந்தால் அந்த எண்ணைக் கொடுத்துக் கம்பெனியில் கேளுங்கள்.

தூசி என்று தோன்றினால் சாவியைத் துடைத்துவிட்டு, நாலைந்து தடவை மெதுவாக உள்ளே விட்டு வெளியே எடுங்கள். பூட்டுக்கென்று விற்கும் உலர் ஸ்பிரே, இல்லையென்றால் கொஞ்சம் கிராஃபைட் தூள் உதவும். தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில், கிரீஸ் எதையும் விடாதீர்கள். விட்ட அன்று வழுவழுவென்று இருக்கும், அப்புறம் தூசியோடு சேர்ந்து பசையாகித் தகடுகளை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். கட்டிங் பிளேயரால் சாவியைப் பிடித்துத் திருகுவதும் கூடாது. சாவி உள்ளே முறிந்தால், ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்திருந்தாலே சரியாகியிருக்கும் ஒரு விஷயம், பூட்டு மாற்றும் செலவாகிவிடும். முறிந்துவிட்டால் மீதித் துண்டின் மேல் இன்னொரு சாவியைச் செருகாதீர்கள். துண்டு இன்னும் ஆழமாகப் போய்விடும்.

ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் நெம்புகோல் பி (பார்க்கிங்) நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வண்டிகளில் பி-க்குக் கொண்டுவராமல் சாவியை லாக் நிலைக்குத் திருப்பவும் முடியாது, உருவவும் முடியாது. சாவி வெளியே வர மறுக்கிறது என்ற புகாரில் பெரும்பாலும் விஷயம் இதுதான். நெம்புகோல் பி-க்கு அருகில் நின்றிருக்கும், முழுக்க உள்ளே விழுந்திருக்காது. பிரேக்கை மிதித்து, ஒருமுறை வெளியே எடுத்து மறுபடி பி-யில் அழுத்தமாகப் போட்டால் போதும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் சாவித் துளையே இல்லை. ஆனால் பல மாடல்களில் முளை இருக்கிறது. அதைச் சின்ன மின் மோட்டார் நகர்த்துகிறது. டயர் நெருக்கினால் அந்த மோட்டாராலும் முளையை இழுக்க முடியாது. அப்போது ஸ்டியரிங் படம் போட்ட எச்சரிக்கை விளக்கு வரும். செய்ய வேண்டியது அதேதான்: பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஆட்டிக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். இங்கே கூடுதலாக மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். கார் பேட்டரி பலவீனமாக இருந்தால் மோட்டார் நகராது, வண்டி ஸ்டியரிங்கைக் குறை சொல்லும், உண்மையான காரணம் பேட்டரியாக இருக்கும். கையில் உள்ள ஸ்மார்ட் கீயின் வட்ட பேட்டரி தீர்ந்திருந்தால் வண்டி சாவியை உணராது. சாவியைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பெரும்பாலான மாடல்கள் ஸ்டார்ட் ஆகும். சில மாடல்களில் அதை வைப்பதற்கென்று தனி இடம் உண்டு, கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக, இன்ஜின் ஓடாதபோது பிரேக்கைப் பலமுறை மிதித்தால் பெடல் கெட்டியாகிவிடும். அப்போது லேசாக மிதித்தால் பிரேக் மிதித்ததாகவே வண்டி எடுத்துக்கொள்ளாது. நன்றாக அழுத்தி மிதித்துக்கொண்டு பட்டனைத் தொடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நிற்கும் வண்டியைப் பற்றி. ஓடும் வண்டியில் இதே பூட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

மலைப்பாதையில் இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36. இந்த மாதிரி இடத்தில் சாவியை ஒரு படி அதிகமாகத் திருப்பி, தெரியாமல் உருவிவிட்டால், அடுத்த வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முளை பள்ளத்தில் விழும். அதற்குப் பிறகு வண்டி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் போகும். இதைத் தடுக்கத்தான் பல கார்களில் சாவியை உள்ளே அழுத்தினால் மட்டுமே லாக் நிலைக்குத் திரும்பும்படி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அதை நம்பி இறங்காதீர்கள். சாவி உள்ளேயே இருந்தாலும் இன்ஜின் ஓடாவிட்டால் பவர் ஸ்டியரிங் இல்லை, பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடும், கியரில் இருக்கும்போது இன்ஜினே வேகத்தைப் பிடித்துக் குறைக்கும் இன்ஜின் பிரேக்கிங்கும் கிடைக்காது. இறக்கத்தில் கியரில் வருவதே சரி. புதிய கார்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டாலே பெரும்பாலும் எரிபொருள் பாய்வது நின்றுவிடும். எனவே அந்த மிச்சமும் கிடையாது.

ஓடும்போது இன்ஜின் தானாகவே நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். அது ஆனிலேயே இருக்கும்வரை ஸ்டியரிங் பூட்டாது. கனமாக இருக்கும், இரண்டு கையாலும் திருப்புங்கள். பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். நான்கு விளக்கையும் மின்ன விட்டு ஓரம் கட்டுங்கள். ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டாலும் முதல் வேலை நியூட்ரலுக்குக் கொண்டுவருவதும் பிரேக்கை அழுத்துவதும்தான். வண்டி முழுக்க நின்ற பிறகு சாவியைப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள். பதற்றத்தில் சாவியை எட்டிப் பிடுங்குவது அவர்களாக இருக்கலாம்.

வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போதும் தள்ளி ஸ்டார்ட் செய்யும்போதும் சாவி உள்ளே இருந்து ஆனில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் திருப்பத்திலேயே ஸ்டியரிங் நின்றுவிடும். கூடுமானவரை கயிற்றைத் தவிர்த்து, வண்டியை மேலே ஏற்றிக் கொண்டுபோகும் லாரியை அழைப்பதே நல்லது.

இவ்வளவு ஆபத்து இருந்தும் இந்தப் பூட்டை ஏன் வைத்தார்கள் என்ற கேள்வி நியாயமானது. சாவியாலேயே செல்ஃபையும் இயக்கும் முறையை கிரைஸ்லர் நிறுவனம் 1949-இல் கொண்டுவந்தது. அதற்கு முன் சாவி தனி, ஸ்டார்ட் செய்யும் பொத்தான் தனி. சாவித் துளைக்குப் பின்னால் உள்ள கம்பிகளை இணைத்தால் யார் வேண்டுமானாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்ற நிலை பல வருடம் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி இந்தப் பூட்டைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 1970 ஜனவரி முதல் விதி வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1969 மாடல்களிலேயே அதை வைத்துவிட்டது. அமெரிக்க விதி சாலைப் பாதுகாப்பு விதிகளில் ஒன்றாக வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். திருடிய வண்டியைத் தாறுமாறாக ஓட்டி விபத்து ஏற்படுத்துகிறார்கள், அந்தச் சாவுகளைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

ஆனால் முளை மட்டும் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசரும் கட்டாயம். அமெரிக்காவில் அப்படி இல்லை. 2021, 2022-இல் அங்கே இம்மொபிலைசர் இல்லாத கியா, ஹூண்டாய் கார்கள் ஏராளமாகத் திருடு போயின. ஸ்டியரிங் தண்டின் உறையைப் பிய்த்து, பூட்டு உருளையைக் கழற்றி, யு.எஸ்.பி. கேபிளின் முனையைச் செருகித் திருப்பினால் வண்டி கிளம்பியது.

சாவிக்கொத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுச் சாவி, பீரோ சாவி, கடைச் சாவி, பித்தளைப் பிள்ளையார் எல்லாவற்றையும் கார் சாவியோடு மாட்டித் தொங்கவிடாதீர்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த எடை ஆடி உருளையைத் தேய்க்கிறது. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் சிறிய கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் இக்னிஷன் ஸ்விட்ச் தளர்வாக இருந்ததால், சாவிக்கொத்தின் எடையோ ஒரு குலுக்கலோ போதும், ஓடும்போதே சாவி ஆன் நிலையிலிருந்து நழுவியது. இன்ஜின் நின்றது, பவர் ஸ்டியரிங் போனது, மோதும்போது ஏர்பேக் விரியவில்லை. அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. பழுது பார்க்கும்வரை வளையத்தில் கார் சாவி மட்டும் இருக்கட்டும் என்று உரிமையாளர்களிடம் அப்போது சொன்னார்கள். எந்தக் கம்பெனி வண்டி வைத்திருந்தாலும் அதைக் கடைப்பிடிப்பது நல்லது.

எல்லாம் செய்து பார்த்தும் சாவி திரும்பவில்லை, அல்லது தினமும் நாலைந்து முயற்சிக்குப் பிறகுதான் திரும்புகிறது என்றால் தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நடுவழியில் முழுக்க நின்றுபோன பிறகு செய்வதைவிட, சாவி திரும்புகிற நிலையில் உருளையைக் கழற்றுவது மிகவும் சுலபம். பல கார்களில் உருளையை வெளியே எடுக்க அது ஆன் நிலையிலோ, ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் ஏ.சி.சி. நிலையிலோ இருந்தாக வேண்டும். பூட்டை ஸ்டியரிங் தண்டில் பிணைத்திருக்கும் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் தலையே இருக்காது. திருடன் ஸ்பானர் போட்டுக் கழற்றக் கூடாது என்று, தொழிற்சாலையில் இறுக்கும்போதே தலை முறிந்துவிடும்படி செய்திருப்பார்கள். மெக்கானிக் துளை போட்டோ உளி வைத்தோ அதைக் கழற்றினால் ஆச்சரியப்படாதீர்கள். புதிய உருளை போட்டால் கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று ஆகிவிடலாம். பழைய சாவிக்கே பொருந்தும்படி தகடுகளை மாற்றித் தர முடியுமா என்று வேலை ஆரம்பிக்கும் முன் கேளுங்கள். சாவியே புதிது என்றால் அதன் சிப்பை வண்டியில் பதிவு செய்வதும் அந்தத் தொகைக்குள் அடங்குமா என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.